நாய்க்குச் சோறு விஷமா?
தானியமில்லாத் தீனியும் இதய நோயும்

(நமது பாறசாலை நிருபர்)

களியக்காவிளைச் சந்தைப் பக்கமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை கடைத்தெருக்களிலும் பலசரக்குக் கடைகளுக்கு நடுவே இப்போது நாய்த்தீனிக் கடைகளும் முளைத்துவிட்டன. கண்ணைப் பறிக்கும் வண்ணப் பைகளில் தீனி அடுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் விலை கூடிய பைகளின் மேல் 'தானியமில்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணாச்சி, இன்னும் சோறா போடுதீங்க? அரிசி நாய்க்கு விஷமாக்கும். அதான் முடி கொட்டுது. இதுல தானியமே கெடையாது, பாத்துக்கிடுங்க."

"வெல என்ன தம்பி?"

விலையைக் கேட்டதும் அண்ணாச்சியின் கை சட்டைப் பையில் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. சில ரகங்கள் கிலோ ஐநூறு ரூபாய்க்கும் மேல். வீட்டுக்கு வாங்கும் அரிசியைப் போல் பத்து மடங்கு விலை. "பிள்ளைய அதும் மேல உசிரா இருக்கு. என்ன செய்ய, குடுங்க" என்று வாங்கிச் செல்பவர்களும் உண்டு. வாங்க முடியாமல், தன் வீட்டு நாய்க்குத் தானே விஷம் வைப்பதுபோல் மனம் குன்றித் திரும்புபவர்களும் உண்டு.

இரு சாராருக்கும் பயன்படட்டும் என்றே இக்கட்டுரை எழுதப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், சோறு நாய்க்கு விஷமல்ல. தானியமில்லாத தீனி என்பதாலேயே அது உயர்ந்த தீனியும் அல்ல. அத்தகைய தீனிகளில் சிலவற்றுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் 2018-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஆராயப்பட்டு வந்திருக்கிறது.

பையில் என்ன இருக்கிறது?

தானியமில்லாத் தீனி என்றால் முழுவதும் இறைச்சி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உலர்ந்த உருண்டைத் தீனி கெட்டியாக நிற்க மாவுப்பொருள் வேண்டும். அரிசி, கோதுமை, சோளம் ஆகியவற்றை நீக்கிவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் பட்டாணி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரச்சீனி மாவு ஆகியவையே போடப்படுகின்றன. எனவே தானியத்தை எடுத்துவிட்டுப் பருப்பையும் கிழங்கையும் போட்ட தீனி என்பதே சரியான விளக்கம்.

இந்தத் தானிய வெறுப்பு எப்படி வந்தது? 2007-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது. அதைச் சேர்த்துத் தயாரித்த தீனியைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. தீனிகள் பெருமளவில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. குற்றம் கலப்படத்தினுடையது. ஆனால் கெட்ட பெயர் தானியத்தின் தலையிலும் விழுந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் தானியமில்லா ரகங்களின் விற்பனை வேகமாக வளர்ந்தது.

அமெரிக்காவில் அடித்த எச்சரிக்கை மணி

2018 ஜூலை 12 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பட்டாணி, பருப்பு வகைகள் அல்லது உருளைக்கிழங்கு முக்கியப் பொருளாக உள்ள தீனிகளைத் தின்ற நாய்களுக்கு 'டைலேட்டட் கார்டியோமயோபதி' என்ற இதய நோய் வருவதாகப் புகார்கள் வந்துள்ளன, அவற்றை விசாரிக்கிறோம் என்றது அந்த அறிவிப்பு.

டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் போன்ற சில பெரிய ஜாதி நாய்களுக்கு இந்நோய் பரம்பரையாக வருவதுண்டு. ஆனால் புகாரில் வந்த நாய்களில் கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார் போன்றவையும் கலப்பு ஜாதிகளும் இருந்தன. மருத்துவர்களின் சந்தேகத்தைக் கிளப்பியது இதுதான்.

2019 ஜூன் மாதம் நிர்வாகம் கணக்கு வெளியிட்டது. 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் முடிய வந்த புகார்கள் 524. ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்ததால், பாதிக்கப்பட்ட நாய்கள் 560. அவற்றில் 119 இறந்துவிட்டன. புகாரில் குறிப்பிட்ட தீனிகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் தானியமில்லாதவை. நூற்றுக்கு 93-ல் பட்டாணியோ பருப்போ இருந்தது.

இந்த எண்களை அளவோடு பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அன்று சுமார் 7 கோடியே 70 லட்சம் வளர்ப்பு நாய்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருந்தது. புகார்களில் பெரும்பகுதி 2018 அறிவிப்பு பத்திரிகைகளில் வந்த பிறகே வந்தவை. 2022 நவம்பர் வரை சேர்ந்த புகார்கள் 1,382. அவ்வாண்டு டிசம்பரில், தீனிதான் காரணம் என்று நிலைநாட்ட இந்தப் புகார்கள் மட்டும் போதாது, புதிய விஞ்ஞானச் செய்தி கிடைத்தாலன்றி இனி இடைக்கால அறிக்கை இல்லை என்று நிர்வாகம் கூறிவிட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை, சந்தேகமும் முற்றாக நீங்கவில்லை.

நோயின் தன்மை

இதயம் ஒரு பம்பு. இந்நோயில் அந்தப் பம்பின் சுவர் மெலிந்து, அறை பலூன்போல் விரிந்துவிடுகிறது. சுருங்கும் பலம் குறைகிறது. இரத்தம் தள்ளப்படாமல் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது, அல்லது வயிறு வீங்குகிறது. தாளம் தப்பித் துடித்தால் நாய் திடீரென்று விழுந்து சாகவும் கூடும். நேற்று வரை வாலாட்டிய நாய் இன்று காலை எழவில்லை என்றால் 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்று அண்டை வீட்டார் மேல் சந்தேகப்படுவது நம் ஊர் வழக்கம். இதய நோயாலும் அப்படி நேரலாம் என்பதை நினைவில் வைத்தல் நல்லது.

தீனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதயத் தசை சரியாக இயங்க டாரின் என்ற சத்து வேண்டும். அது மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. பருப்பிலும் கிழங்கிலும் தானியத்திலும் அநேகமாக இல்லை. பூனையின் உடல் இதைப் போதிய அளவு தயாரிக்காது. 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், பூனைகளுக்கு வந்த இதே நோய்க்கு டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். கம்பெனிகள் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டின. நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. தீனியால் இதயம் கெடலாம், தீனியை மாற்றினால் மீளலாம் என்பதற்கு இது அசைக்க முடியாத சான்று.

நாயின் கதை அவ்வளவு நேரானதல்ல. நாயின் ஈரல் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரு சத்துக்களைக் கொண்டு டாரினைத் தானே செய்துகொள்ளும். பருப்புப் புரதத்திலோ மெத்தியோனின் குறைவு. நார்ப்பொருள் மிகுந்தால் பித்த நீரோடு டாரின் கழிவில் போய்விடுவதும் உண்டு. 2018-ல் அதே டேவிஸ் வளாகம், டாரின் குறைந்து இதயம் விரிந்த 24 கோல்டன் ரெட்ரீவர் நாய்களைப் பற்றி எழுதியது. அவற்றில் 23 நாய்கள் தானியமில்லாத அல்லது பருப்பு மிகுந்த தீனி தின்றவை. தீனியை மாற்றி டாரினும் கொடுத்த பிறகு ஒன்றைத் தவிர மற்றவை தேறின.

ஆனால் புகாரில் வந்த மற்ற ஜாதி நாய்கள் பலவற்றுக்கு இரத்தத்தில் டாரின் சரியான அளவிலேயே இருந்தது. அப்படியானால் வேறு ஏதோ ஒன்றும் இருக்க வேண்டும். 2021-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தேகத்துக்குரிய தீனிகளையும் மற்றவற்றையும் கூறு கூறாகப் பிரித்து ஒப்பிட்டபோது, வேறுபாட்டோடு மிக நெருங்கி நின்ற பொருள் பட்டாணி. ஏன் என்பதற்கு முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

நம் மண்ணின் பழைய பாடம்

தானியமில்லாச் சாப்பாடு இந்த எல்லைப்புற மக்களுக்குப் புதிதல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942-ல் பர்மா ஜப்பான் வசமாகி அரிசிக் கப்பல் நின்றபோது, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு தாலுகாக்களின் ஏழைக் குடும்பங்களுக்கு உயிர் கொடுத்தது மரச்சீனியும் மீனும்தான். 1956 நவம்பர் 1-ல் எல்லைக்கோடு விழுந்து, விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஆனால் கோட்டின் இருபுறமும் அடுப்பில் வெந்தது ஒரே கிழங்குதான். அன்று வறுமையால் தானியம் இல்லாமல் உண்டோம். இன்று அதே மரச்சீனி மாவு நாயின் பையில் உயர்ந்த சரக்காக வந்திருக்கிறது.

இதே பகுதியில் மனிதருக்கும் ஒரு விசித்திரமான இதய நோய் இருந்தது. இதயத்தின் உட்புறத் தோல் தடித்து வடுவாகி, இதயம் விரிய முடியாமல் இறுகிப்போகும். 'எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ்' என்று பெயர். 1940-களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், கேரளத்தில் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் பிடித்தது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் நீரால் வீங்கியிருக்கும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இந்நோயை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், அதன் இயக்குநராக இருந்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான். 2024-ல் காலமானார். நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் என்ற உலோகம் கூடுதலாக இருப்பதை அவரும் சி.சி. கர்த்தா முதலிய சகாக்களும் கண்டனர். சவரா, மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலில் சீரியம் உண்டு. மண்ணிலிருந்து கிழங்கு வழியாக அது உடலில் ஏறுகிறது, உணவில் மக்னீசியம் குறைந்திருந்தால் இதயத்தைக் கெடுக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. அது இன்றுவரை முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மக்களின் வாழ்க்கை நிலை உயர்ந்து, சாப்பாட்டில் பலவகைப் பொருள்கள் சேர்ந்த பிறகு கேரளத்தில் இந்நோய் வெகுவாக அருகிவிட்டது.

நாயின் நோயும் இதுவும் ஒன்றல்ல. ஒன்றில் இதயம் தளர்ந்து விரிகிறது, மற்றொன்றில் இறுகுகிறது. மரச்சீனி தின்றால் இதயம் கெடும் என்றும் யாரும் பொருள் கொள்ளக் கூடாது. மீனோடு மரச்சீனி உண்டு நூறாண்டு வாழ்ந்தவர்கள் இங்கே உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒரே பொருளை நாள் தவறாமல் உண்ணும் உயிருக்கு, அதில் இல்லாத சத்து மெல்ல மெல்லக் கணக்குத் தீர்க்கும். மனிதனாவது கல்யாண வீட்டில் வேறு சாப்பாடு சாப்பிடுவான். பையில் உள்ள தீனியை மட்டும் தின்னும் நாய்க்கு அந்த வழியும் இல்லை.

சோறு செரிக்குமா?

நன்றாகச் செரிக்கும். 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதியபடி, மாவுப்பொருளைச் செரிக்கும் ஒரு மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளில் இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் போட்டதைத் தின்று நாய் அடைந்த மாற்றம் இது. ஓநாய்க்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது என்ற வாதம் இதனால் அடிபடுகிறது.

முடி கொட்டுவது அரிசியால் என்பதும் பெரும்பாலும் ஆதாரமற்ற பேச்சு. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களைப் பற்றி 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முதலிடத்தில் நின்றவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி. அடுத்தது கோதுமை. அரிசி வெகு தூரம் பின்னால். ஈரக் காற்று வீசும் நம் பகுதியில் உண்ணி, தெள்ளு, படை ஆகியவையே முடி கொட்டுவதற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணங்கள். தீனிக் கடைக்குப் போகுமுன் கால்நடை மருத்துவரிடம் தோலைக் காட்டுவது செலவைக் குறைக்கும்.

இதனால் வெறும் சோறு போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கஞ்சித் தண்ணீரும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்கு வயிறு நிறையும், சத்து நிறையாது. அதுவும் ஒரு வகையில் குறைத் தீனிதான்.

நம் வருமானத்தில் என்ன செய்யலாம்?

வீட்டுச் சோறு போடுபவர்கள் அதோடு தினமும் மீன், முட்டை, கோழி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விழிஞ்ஞம், பூவார், பொழியூர் கரைகளிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் நாளில் அவையே நாய்க்கு நல்ல தீனி. கோழிக்கடையில் விலை குறைந்து கிடைக்கும் கோழி இருதயத்தில் டாரின் நிறைய உண்டு. ஈரலைச் சிறிதளவு சேர்த்தால் போதும். டாரின் நீரில் கரையும். ஆகவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சோற்றோடு பிசைந்து போட வேண்டும்.

நாம் தின்ற மீன் குழம்பை அப்படியே ஊற்றலாகாது. உப்பும் மிளகாயும் ஒருபுறமிருக்க, வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கலாம். மரச்சீனியைப் பச்சையாகவோ தோலோடோ போடவே கூடாது, அதில் சயனைடு விஷம் உண்டாகும். சுண்ணாம்புச் சத்து, தாதுச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்பதை, முக்கியமாகக் குட்டிகளுக்கு, பஞ்சாயத்து மிருக ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுச் செய்தல் நலம்.

பாக்கெட் தீனியே போடுபவர்கள் பையின் முன்புற விளம்பரத்தைப் பார்க்காமல் பின்புறப் பொடி எழுத்தைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். முதல் சில பெயர்களுக்குள் பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி மாவு என்று ஒன்றையே பல பெயரில் பிரித்துப் போட்டிருந்தால் யோசியுங்கள். நாயின் வயதுக்கேற்ற முழுமையான சமச்சீர் உணவு என்ற குறிப்பு இருக்க வேண்டும். அரிசி சேர்ந்த சாதாரண ரகம் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. மருத்துவர் காரணத்தோடு சொன்னாலன்றித் தானியமில்லா ரகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை. ஏற்கனவே போடுபவர்கள் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்ற வேண்டும்.

அறிகுறிகள்

விளையாட்டில் சீக்கிரம் களைத்தல், இரவில் இருமல், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குதல், வயிறு வீங்குதல், மயங்கி விழுதல் ஆகியவை கண்டால் தாமதிக்கக் கூடாது. செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு உள்ளே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தின்ற தீனியின் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நோயை உறுதி செய்ய இதய ஸ்கேன் தேவை. கேரளத்தில் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், தமிழகத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் சென்னை வேப்பேரியிலும் உள்ள கல்லூரிகளும் பெரிய சிகிச்சை நிலையங்கள். ஸ்கேன் வசதியும் நாளும் கேட்டறிந்து போவது உத்தமம். ரயிலில் போக எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பதிவில்லாப் பெட்டியில் நாயை ஏற்ற விதி இல்லை. பார்சல் ஆபீசில் பதிந்து கார்டு வேன் கூண்டில் அனுப்பலாம். மூச்சு வாங்கும் நாய்க்கு அந்தக் கூண்டு ஆகாது. நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்துப் போவதே நல்லது.

தீனியால் வந்த நோயாக இருந்து, காலத்தில் கண்டு, தீனியை மாற்றி மருந்தும் கொடுத்தால் சில மாதங்களில் இதயம் ஓரளவு தேறிய நாய்கள் உண்டு. பரம்பரையாக வரும் நோயில் இந்த நம்பிக்கை குறைவு. ஆகவே சந்தேகம் வந்த உடனே போவதில்தான் பலன்.

வேலைக்காகப் பிற ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் பலரின் வீட்டில் வயதான தாய் தகப்பனாருக்கு இரவுத் துணை அந்த நாய்தான். அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது, பை வாங்கச் சொல்லி எழுதாமல், சோற்றோடு ஒரு பிடி சாளையும் வாரம் நாலு முட்டையும் போடச் சொல்லி எழுதுங்கள். நாய் தூங்கும்போது மூச்சை எண்ணிப் பார்க்கவும் சொல்லுங்கள்.